லாட்ஜ் துணி காய்ந்த வீடு

போன மாதம் எங்கள் பகுதி மகளிர் குழுப் பயிற்சிக்கு என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். வீட்டிலேயே தொழில் செய்கிற பெண்கள் பணம், குடும்பம், வேலை மூன்றையும் எப்படிச் சமாளிப்பது என்பது தலைப்பு. கூப்பிட்டவள் ரேவதி, வீட்டில் சாக்லேட் செய்து ஏரிக்கரைக் கடைகளுக்குப் போடுகிற பெண். “தனம் அக்கா லாட்ஜ் துணி துவைச்சே ஒரு குடும்பத்தக் கொண்டுவந்தவங்க” என்று மைக்கில் அறிமுகம் செய்துவிட்டு, என் பக்கம் திரும்பினாள்.

“எல்லாத்தையும் எப்படிக்கா பேலன்ஸ் பண்ணுனீங்க?”

நான் ஏதோ சொன்னேன். நேரத்தைப் பிரித்துக்கொள்ள வேண்டும், வீட்டுக்காரர் ஒத்துழைக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்வதைத்தான் சொன்னேன். கை தட்டினார்கள். டீயும் சமோசாவும் கொடுத்தார்கள். வந்துவிட்டேன். உண்மையில் அந்தக் கூட்டத்தில் எனக்கு இருந்த ஆசை வேறு. ஒவ்வொருத்தியையும் தனியாகப் பிடித்து, “சாக்லேட்ட எங்க வச்சு ஆற விடுற? அந்த நேரம் உம் பிள்ளைக எங்க உக்காந்து படிக்கும்?” என்று கேட்க வேண்டும்போல் இருந்தது. கேள்வி கேட்பது எனக்குச் சிறு வயதிலிருந்தே உள்ள வியாதி. மேடையில் ஏறியவள் பதில்தான் சொல்ல வேண்டுமாம். அதனால் அங்கே சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

நான் துவைப்பதை நிறுத்தி ஒரு வருடம் ஆகப்போகிறது. நாங்கள் துணி எடுத்த லாட்ஜில் இப்போது பெரிய டிரையர் வாங்கிவிட்டார்கள். ஈரத் துணியை உள்ளே போட்டுப் பொத்தானை அமுக்கினால் வெளியே வரும்போது சுடச்சுட இருக்கிறது. திறந்து வைத்தபோது என்னையும் கூப்பிட்டுக் காட்டினார்கள். நான் அதன் கதவுக் கண்ணாடி வழியாகத் துணி சுற்றுவதை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். பொறாமை இல்லை. இவ்வளவு ஈரமும் எங்கே போகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். பின்புறம் ஒரு குழாய் வைத்துச் சுவருக்கு வெளியே விட்டிருக்கிறார்கள் என்று காட்டினார்கள். அந்தக் குழாய்க்கு அடியில் கையை நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன்.

என் வீட்டுக்காரர் பாண்டி அந்த லாட்ஜில் ரூம் பாயாக இருந்தார். அங்கே துணி எடுத்துக்கொண்டிருந்தவர் வயதாகி மதுரைக்கு மகன் வீட்டோடு போய்விட்டார். அது சீசன் நேரம். அழுக்குத் துணி மூட்டை மூட்டையாகக் கிடந்ததைப் பார்த்து, “ஒரு மூட்டைய எங்க வீட்டுல குடுத்துப் பாக்கட்டுமா சார்?” என்று இவர் கேட்டிருக்கிறார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஜீப்பில் மூட்டை வந்து இறங்கியபோதுதான் எனக்குத் தெரியும். அதுவரை நான் துவைத்தது எங்கள் வீட்டுத் துணி மட்டும்தான். தொழிலை எனக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. கெடுத்த துணிகளிலிருந்து கற்றுக்கொண்டேன் என்று சொல்லி அந்த முதல் வருடத்தை முடித்துக்கொள்கிறேன்.

மூட்டை வந்ததும் தண்ணீரில் போடக் கூடாது என்பதுதான் நான் கற்ற முதல் பாடம். ஜன்னலோரம் வெளிச்சத்தில் ஒவ்வொரு பெட்ஷீட்டையும், ஒவ்வொரு துண்டையும் விரித்துக் காய்ந்தபடியே பார்க்க வேண்டும். ரத்தக் கறையும் பால் கறையும் சுடுதண்ணீர் பட்டால் அப்படியே பிடித்துக்கொள்ளும். அவற்றுக்குப் பச்சைத் தண்ணீர்தான். சாக்லேட்டைக் கரண்டிக் காம்பால் சுரண்டிவிட்டு நனைக்க வேண்டும். தைலக் கறை மேல் கடலை மாவைத் தூவி, எண்ணெயை அது உறிஞ்சும்வரை விட வேண்டும். மருதாணி வந்துவிட்டால் எலுமிச்சம்பழமும் வெயிலும்தான் வழி. எலுமிச்சம்பழம் கடையில் கிடைக்கும். வெயிலுக்கு எங்கே போவது? இப்படிப் பிரித்த பிறகுதான் சோடாவில் ஊறவைத்து, அண்டாவில் வேகவைத்து, அலசி, நீலம் போட்டு, ஆளுக்கு ஒரு முனையாகப் பிடித்து முறுக்குவோம்.

காய்ந்தபடியே பார்க்கிற வேலையை நான் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. அதில்தான் எனக்கு ருசி. முகம் தெரியாத மனிதர்கள் ராத்திரி எப்படிப் படுத்தார்கள், எதைச் சாப்பிட்டார்கள், எதற்கு அழுதார்கள் என்று துணி சொல்லும். ஒரு தலையணை உறையில் மருதாணியும் கண்மையும் சேர்ந்து கரைந்திருந்தது. புதுப்பெண் அழுதிருக்கிறாள். எதற்கு? “அந்த ரூம்ல யாருங்க இருந்தாங்க?” என்று இவரைக் கேட்பேன். “ஒனக்கு எதுக்கு அந்தச் சோலி? துணியத் தொவை” என்பார். ஆனால் மறுநாள் விசாரித்துக்கொண்டு வந்து, “அந்தப் பொண்ணு அவுங்க அம்மாகிட்ட போன்ல பேசிட்டு அழுதுச்சாம். வேற ஒண்ணுமில்ல” என்று சொல்லாமல் அவருக்கும் சோறு இறங்காது. ஒரு முறை பெட்ஷீட்டை உதறினால் பொடி மணல் கொட்டியது. மலை உச்சியில் கடல் மணல் எப்படி வரும்? இரண்டு நாள் மண்டையைக் குடைந்துகொண்டேன். ராமேஸ்வரத்தில் குளித்துவிட்டு நேராக எங்கள் ஊருக்கு ஏறி வந்த குடும்பம் என்று பிறகு தெரிந்தது.

லாட்ஜில் துணியை வாங்கிப் பார்ப்பவர் ஹவுஸ்கீப்பிங் மேனேஜர் அருளப்பன் சார். மிஷன் பள்ளியில் படித்தவர். எந்நேரமும் கையில்லாத சாம்பல் நிற ஸ்வெட்டர். யாரையும் அதட்டிப் பேசி நான் கேட்டதில்லை. அடுக்கின் மேலிருந்தும் எடுக்க மாட்டார், அடியிலிருந்தும் எடுக்க மாட்டார். நடுவில் கையை விட்டு ஒன்றை உருவி, மடிப்பைக் கன்னத்தில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்போம். சரியாக இருந்தால் ஒன்றும் சொல்லாமல் வைத்துவிடுவார். ஈரம் இருந்தால் அதே மடிப்பில் திரும்ப மடித்து என் கையில் கொடுப்பார்.

“இது இன்னும் ரெடி இல்ல, தனம்மா.”

அவ்வளவுதான். திட்டியிருந்தால்கூடத் தாங்கிக்கொள்ளலாம். ஒரு நாள் துணிந்து கேட்டேன்.

“எல்லாரும் கையில தொட்டுத்தான சார் பாப்பாங்க. நீங்க ஏன் கன்னத்துல வக்கிறீங்க?”

“நம்ம ஊர்ல காஞ்ச துணியும் சில்லுனுதான் இருக்கும். விரலுக்கு ஈரம் எது, குளிர் எதுன்னு வித்தியாசம் தெரியாது. கன்னத்துக்குத் தெரியும். வீட்டுல வச்சுப் பாருங்க.”

வீட்டுக்குப் போன கையோடு வைத்துப் பார்த்தேன். அவர் சொன்னது சரிதான். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் மூன்று பேரும் துணியைக் கன்னத்தில் வைத்துத்தான் பார்ப்போம். மூன்றாவது ஆள் எங்கள் மகள் நிர்மலா.

கொடைக்கானலில் வெயிலை நம்பி வேலை செய்யக்கூடிய மாதங்கள் கொஞ்சம். ஆனி பிறந்தால் மழை, அது விட்டால் மூடுபனி, மறுபடி மழை. பேத்துப்பாறை போகிற சாலையில் எங்களுக்கு இரண்டு அறையும் ஓர் அடுப்படியும் கொண்ட வீடு. வெளியே போட்டால் துணி காய்வதற்குப் பதில் இன்னும் நனையும். அதனால் சுவருக்குச் சுவர் கயிறு கட்டி, நடுவில் கரி அடுப்பு வைத்து, வீட்டுக்குள்ளேயே காயப்போட்டோம். இந்தக் கயிற்றிலிருந்து அந்தக் கயிற்றுக்கு வெள்ளை பெட்ஷீட்டுகள் தரையிலிருந்து ஒரு முழம் விட்டுத் தொங்கும். சாப்பிடுவது, படிப்பது, படுப்பது எல்லாம் அவற்றுக்கு நடுவில்தான். முகம் தெரியாது. துணிக்கு அடியில் தெரிகிற காலை வைத்துத்தான் யார் எங்கே இருக்கிறார்கள் என்று கண்டுபிடிப்போம். கால் தெரியவில்லை என்றால் ஆள் இல்லை என்று அர்த்தம்.

அய்யம்பாளையத்தில் இருக்கிற என் நாத்தனார் சரசு மதினி, இவருடைய அக்கா, ஒரு முறை வந்தபோது வாசலிலேயே நின்றுவிட்டார்.

“என்னடி தனம், வீட்டுக்குள்ள மழ பேஞ்ச மாதிரி கெடக்கு. ஊரான் படுத்து எந்திரிச்ச துணியத் தொவச்சுத்தேன் எந் தம்பி குடும்பம் சாப்பிடணுமா? எங்க சனத்துல கேட்டா நான் என்னத்தச் சொல்ல?”

“சாப்பாட்டுக்கு அவரு சம்பளம் இருக்கு மதினி. இது நிர்மலா பள்ளிக்கூடத்துக்கு” என்றேன்.

அது உண்மை. ஒரு நல்ல பள்ளியில் அவளைச் சேர்த்திருந்தோம். நான் சிறுமியாக இருந்தபோது அந்தப் பள்ளியின் சுவரை வெளியிலிருந்து பார்த்ததுண்டு, அவ்வளவுதான். லாட்ஜ் துணி வரும்வரை அவள் அங்கே படிக்கலாம். துணி நின்றால் படிப்பும் நிற்கும். இதை அவளும் அறிவாள். பெட்ஷீட் முறுக்க அப்பா இல்லாத நாட்களில் மறுமுனையைத் தானே பிடித்துக்கொள்வாள்.

இரண்டாம் வகுப்புப் படிக்கும்போது அவளுக்கு வீசிங் ஆரம்பித்தது. முதலில் சளி என்று நினைத்தோம். பிறகு நெஞ்சுக்குள் விசில் அடிப்பதுபோல் சத்தம் வந்தது. மூச்சை இழுக்கும்போது கழுத்தடியில் குழி விழும். மிஷன் ஆஸ்பத்திரி டாக்டரம்மா மருந்து எழுதிக் கொடுத்துவிட்டு, “வீட்டுல ஈரம் இருக்குமா?” என்று கேட்டார்.

“கொடைக்கானல்ல எந்த வீட்டுலம்மா ஈரம் இல்ல?” என்றேன் நான். அவர் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். ஆனால் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தக் கேள்வி என்னோடு நடந்து வந்தது.

கறையைப் பார்த்துக் காரணம் தேடுகிறவளுக்கு இதில் தேடாமல் இருக்க முடியுமா? எப்போது வருகிறது, எப்போது வரவில்லை என்று கவனிக்க ஆரம்பித்தேன். பனியில் நடந்து பள்ளிக்குப் போகிறாள், அப்போது இல்லை. பள்ளியில் விளையாடுகிறாள், இல்லை. வீட்டுக்கு வந்து உட்கார்ந்து கொஞ்ச நேரத்தில் வருகிறது. முன்னறையில் கயிறுகளை அவிழ்த்து எல்லாவற்றையும் ஒரு வாரம் பின்னறைக்கு மாற்றிப் பார்த்தேன். சற்றுக் குறைந்தது. விடுமுறைக்கு அய்யம்பாளையம் போனாள், ஒரு நாள்கூட வரவில்லை. திரும்பி வந்த அன்றைக்கே வந்தது. சுவரில் கட்டிலுக்குப் பின்னால் கறுப்பாகப் பூஞ்சணம் படர்ந்திருந்ததையும் பார்த்தேன். காரணம் தெரிந்துவிட்டது. தெரிந்ததும் சொல்லாமல் வைத்துக்கொண்டேன். சொன்னால் எதையாவது முடிவு செய்ய வேண்டுமே.

ஆனால் இவரும் கண்ணை மூடிக்கொண்டு இருப்பவர் இல்லை. ஒரு சாயங்காலம் துணிக்கு நடுவில் இருவரும் நின்றபடி பேசினோம். சுற்றிப் பார்த்தேன். எங்கள் இருவர் காலைத் தவிர வேறு கால் தெரியவில்லை.

“அக்கா வீட்டுல விட்டுருவோம் தனம். அங்க போனா நெஞ்சு சரியாயிருது. அந்த ஊர்லயும் பள்ளிக்கூடம் இருக்கு.”

“எட்டு வயசுப் பிள்ளைய விட்டுட்டு நாம இங்க என்னங்க பண்ணுறது? துணிய நிப்பாட்டிருவோம்.”

“நிப்பாட்டுனா ஃபீஸ் எப்படிக் கட்ட? எப்படியும் அந்தப் பள்ளிக்கூடம் இல்லேன்னு ஆகிப்போகும். பிள்ளையாவது மூச்சு முட்டாம இருக்கட்டுமே.”

அவர் சொன்னதில் தப்பே கிடையாது. துணி இருந்தால் அவள் இங்கே இருக்க முடியாது. துணி போனால் அவள் படிப்பு இருக்காது. இன்னும் ஒரு தடவை இழுப்பு வந்தால் அனுப்பிவிடுவது என்று முடிவு செய்தோம். சரி என்று நான்தான் சொன்னேன். சொல்லிவிட்டு அடுப்படியில் போய் நின்று அழுதேன்.

அந்த இன்னொரு தடவை வரவே இல்லை. நாட்கள் போயின. இருமல் இல்லை, விசில் சத்தம் இல்லை. புதிதாகத் தேய்த்த தைலம் வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டேன். கரி அடுப்பை ஜன்னலோரம் நகர்த்தியதுதான் காரணம் என்று இவர் சொன்னார். எது காரணம் என்று இருவரும் பந்தயம் கட்டாத குறையாகப் பேசிக்கொண்டோம். வீட்டில் கொஞ்சம் சிரிப்புகூடத் திரும்பியது.

அந்தச் சமயத்தில் அருளப்பன் சார் ஒரு கைத்துண்டைத் திருப்பிக் கொடுத்தார். கன்னத்தில்கூட வைக்கவில்லை. ஒரு மூலையை மட்டும் விரித்துக் காட்டினார். அந்த மூலை கசங்கி, நூல் பிதுங்கியிருந்தது. யாரோ கடித்திருக்கிறார்கள்.

“இது ரெடி இல்ல, தனம்மா.”

“பல்லு மொளைக்கிற பிள்ளை யாராவது ரூம்ல இருந்துருக்கும் சார்” என்றேன்.

“இது ஆஃப் சீசன். போன வாரம் பூரா ரிட்டயர் ஆனவங்க க்ரூப். பல்லு விழுந்தவங்கதான் வந்தாங்க.”

எனக்கு ஆர்வம் பிடித்துக்கொண்டது. அடுத்த மூட்டையில் துண்டு ஒவ்வொன்றையும் நான்கு மூலையும் விரித்துப் பார்த்தேன். ஒன்றிலும் கடித்த தடம் இல்லை. துவைத்தேன், காயப்போட்டேன், மடிக்கும்போது மறுபடி பார்த்தேன். ஒரு துண்டில் இருந்தது. லாட்ஜிலிருந்து வரும்போது இல்லாத பல் தடம் எங்கள் வீட்டில் வந்திருக்கிறது. எலி என்றுதான் முதலில் நினைத்தேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். எலி கடித்தால் நூல் அறுந்திருக்கும். இது அழுந்தியிருந்தது, அறவில்லை. சின்ன வளைவாகத் தடம். வளைவின் நடுவில் ஓர் இடம் மட்டும் தடமே இல்லை. லேசாகத் தைல வாசம். நிர்மலாவுக்கு அப்போது முன் பல் விழுந்து இன்னும் முளைக்கவில்லை.

ஊரார் ராத்திரிகளையெல்லாம் துணியில் படித்துச் சிரித்தவளுக்கு, சொந்த வீட்டில் நடப்பதைச் சொல்ல ஒரு துண்டு வர வேண்டியிருந்தது.

மறுநாள் அவள் பள்ளிவிட்டு வந்ததும் நான் அடுப்படியிலேயே இருந்து காதைத் தீட்டிக்கொண்டேன். பையை வைத்தாள். கால் கழுவினாள். துணிகளுக்கு நடுவே அவள் கால் பின்னறை நோக்கிப் போவது தெரிந்தது. கட்டில் கிரீச்சென்றது. கால் மறைந்துவிட்டது. பிறகு ஒரு சத்தமும் இல்லை. மெல்லப் போய் கடைசி பெட்ஷீட்டை விலக்கினேன். கட்டிலில் சம்மணம் போட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். காய்ந்த துண்டை வாயில் அடைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள். தோள் இரண்டும் குலுங்கின. முகம் சிவந்துபோய்க் கண்ணில் நீர் நின்றது.

“என்னத்தா பண்ற?”

துண்டை எடுத்து முதுகுக்குப் பின்னால் ஒளித்தாள். “ஒண்ணுமில்லம்மா” என்று சொல்ல வாயைத் திறந்தாள். வார்த்தைக்கு முன்னால் அந்த விசில் சத்தம் வந்துவிட்டது. அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து பனியில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொண்டே இருந்தேன். மூச்சு சரியான பிறகு கேட்டேன்.

“எதுக்குத்தா இப்படிப் பண்ணுன?”

“இருமுனா அத்தை ஊருக்கு அனுப்பிருவீங்கள்ல.”

“யாரு சொன்னா?”

“நீங்களும் அப்பாவும்தான் பேசிக்கிட்டீங்க. நான் கட்டில்லதான் இருந்தேன்.”

கால் தெரியவில்லை என்றால் ஆள் இல்லை என்று நம்புகிற வீடு எங்களுடையது. அவள் கட்டிலில் காலை மடக்கி உட்கார்ந்து முழுவதையும் கேட்டிருக்கிறாள். எனக்கு முதலில் வந்தது கோபம். யார்மேல் என்று தெரியாத கோபம். பிறகு பயம். எத்தனை நாள் அந்தத் துண்டுக்குள் மூச்சு நின்றுபோயிருக்கலாம்.

இவர் வந்ததும் சொன்னேன். “பிள்ள எங்கயும் போகாது. துணி போகட்டும். படிப்ப அப்புறம் பாப்போம்.” துண்டைக் கொடுத்தேன். அவர் அந்த மூலையைத் தடவிப் பார்த்துவிட்டு, கயிறுகளை அவிழ்க்க ஆரம்பித்தார்.

காலையில் வெள்ளனே இருவரும் போய் அருளப்பன் சாரிடம் வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொன்னோம். நடந்ததையும் சொன்னேன். அவர் தன் ஸ்வெட்டர் நுனியை இழுத்துவிட்டுக்கொண்டார்.

“தொவைக்கிறதுனால பிள்ளைக்கு ஒண்ணும் இல்லையே?”

“இல்ல சார். அது வெளிய கொட்டகையிலதான்.”

“காயப்போடுறதுதான ப்ராப்ளம். அப்புறம் எதுக்கு தொவைக்கிறத விடுறீங்க? காயிறதுக்கு வேற எடம் யோசிங்க. இந்த மாசம் முடியிற வரைக்கும் நான் வேற ஆளு தேடல.”

வேலையை ஒரே மூட்டையாகத்தான் நான் நினைத்திருந்தேன். அதை இரண்டாகப் பிரிக்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. திரும்பி வரும்போது எங்கள் சாலையில் காசிம் பாய் வேனில் காய் ஏற்றிக்கொண்டிருந்தார். பஜாரில் காய்கறி மண்டி வைத்திருப்பவர். பீன்ஸும் கேரட்டும் தினமும் வத்தலக்குண்டு சந்தைக்கு இறக்குவார். மறுநாள் வேன் காலியாக ஏறும். அய்யம்பாளையம் வத்தலக்குண்டுக்குப் பக்கம்தான். அங்கே சரசு மதினி வீட்டுக் களம் வருடத்தில் முக்கால்வாசி நாள் வெயிலில் சும்மா காய்ந்து கிடக்கிறது. பிள்ளையைக் கீழே இறக்குவதற்குப் பதில் துணியை இறக்கினால் என்ன?

காசிம் பாய் யோசிக்கவே இல்லை. “காலி வண்டிதான தாயி வருது. போட்டு விடுங்க. எனக்குக் காசு வேணாம். வெள்ளிக்கிழம போட்டுட்டுப் போற ஜிப்பாவுக்கு மட்டும் அந்த லாட்ஜ் வெள்ளையக் கொண்டாந்துருங்க.”

மதினியிடம் பேசுவதுதான் மலையாக இருந்தது. “எங்க அக்காகிட்ட நீயே பேசிக்க” என்று இவர் கழன்றுகொண்டார். டெலிபோன் பூத்துக்குப் போய்ப் பேசினேன்.

“எங்க களத்துல லாட்ஜ் துணியா? ஊர்ல பாக்குறவுக என்னடி சொல்லுவாக?”

“மதினி, ஒண்ணு துணி கீழ வரணும், இல்லேன்னா பிள்ள கீழ வரணும். ரெண்டுல ஒண்ணுதான்.”

“பிள்ள வந்தா எனக்குச் சந்தோசந்தேன். வரச் சொல்லு.”

“அவ வர மாட்டேங்கிறா மதினி. அனுப்பிருவமோன்னு பயந்து, இருமல் சத்தம் வெளிய கேக்காம இருக்கத் துணியக் கடிச்சுக்கிட்டு உக்காந்துருக்கா.”



“எங்கிட்ட வர்றதுக்கா இம்புட்டுப் பயம்?” என்றார் மதினி. “நான் அவளுக்கு என்ன செஞ்சேன்?”

“ஒங்ககிட்ட வர இல்ல மதினி. எங்கள விட்டுப் போக.”

மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. பிறகு, “வெரசா அனுப்பு. வெயில் இருக்கயிலயே போட்டாத்தேன் காயும்” என்று வைத்துவிட்டார்.

முதல் லோடு மறுநாளே காய்ந்து, விறைப்பாக, மடிப்பு வைத்து மேலே வந்தது. அப்படிக் காய்ந்த துணியை நான் பல மாதங்களாகத் தொடவில்லை. பெருமையாக லாட்ஜுக்கு எடுத்துப் போனேன். அருளப்பன் சார் நடுவிலிருந்து உருவிக் கன்னத்தில் வைத்தார். கண்ணை மூடினார். வழக்கத்தைவிட அதிக நேரம் மூடியிருந்தார். பிறகு ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

“ட்ரையா இருக்கு, தனம்மா. ஆனா பிரியாணி வாசம் வருதே.”

துணி கீழே இறங்கிய அன்றைக்குக் காசிம் பாய் பூம்பாறை மலைப்பூண்டு ஏற்றியிருக்கிறார். அதன்மேல் எங்கள் ஈர மூட்டையைப் போட்டுக் கீழே போகிறவரைக்கும் வாசம் ஏற்றியாகிவிட்டது. அத்தனையையும் திரும்பத் துவைத்தேன். அதன்பின் பூண்டு ஏற்றுகிற நாளில் துணி போகாது. கேரட், முட்டைக்கோஸ் நாட்களில் தார்ப்பாய் சுற்றிப் போகும். இந்த விஷயம் தெரிந்த பிறகு துணி எதன் வாசத்தைப் பிடிக்கும் என்று எனக்குப் புது ஆராய்ச்சி ஒன்று கிடைத்தது. பீன்ஸுக்கு வாசமே இல்லை. கேரட் இலையோடு இருந்தால் லேசாகப் பிடிக்கும்.

வரும்படி குறைந்தது. மதினிக்கு ஒரு பங்கு கொடுத்தோம். வாங்க மாட்டேன் என்று முதல் மாதம் சொன்னவர், இரண்டாம் மாதம் நாங்கள் கொடுக்கத் தாமதமானதும் பூத்துக்குப் போன் போட்டு எங்களைக் கூப்பிடச் சொன்னார். அவர் கையில் அவர் சம்பாதித்த காசு அதுதான் முதல் தடவை. பள்ளிக் கட்டணம், மதினி பங்கு இரண்டும் போக மிச்சத்தில்தான் எங்கள் வீட்டுக்கு. புதுத்துணி இல்லாத தீபாவளி ஒன்று போயிற்று. ரேவதி கேட்ட பேலன்ஸ் எல்லாம் எங்களிடம் கிடையாது. வீட்டை விட்டு வெளியே போக வேண்டியது பிள்ளையா துணியா என்று ஒரே ஒரு முறை பிரித்துப் பார்த்தோம், அவ்வளவுதான். ஊரில் யார் என்ன சொன்னார்கள் என்று மதினி கடைசிவரை எங்களிடம் சொல்லவில்லை. நானும், எதையும் கேட்கிற நானும், அதை மட்டும் கேட்கவில்லை.

கயிறு அவிழ்த்த வீடு ரொம்பப் பெரிதாக இருந்தது. சாப்பிடும்போது மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். சுவரைச் சுரண்டிச் சுண்ணாம்பு அடித்தோம். நிர்மலாவுக்கு இழுப்பு குறைந்துகொண்டே வந்தது. ஆனால் அவ்வப்போது இருமல் வரும். வந்தால் எழுந்து வெளியே போய்விடுவாள், அல்லது என் மடியில் முகத்தைப் புதைத்து அமுக்கிக்கொள்வாள். “சத்தமா இருமுத்தா, ஒண்ணும் பண்ண மாட்டோம்” என்று எத்தனையோ முறை சொன்னேன். தலையை ஆட்டுவாள். மறுபடி போய் ஒளிவாள். அவளுக்குப் பதிலாகத் துணியைக் கீழே அனுப்பிவிட்டோம் என்பது எங்களுக்குத் தெரியும். அவளை அனுப்ப மாட்டோம் என்பதை அவள் நம்ப வேண்டுமே. அதற்கு நான் வெயிலை எங்கே தேடுவது?

தை மாதம் ஒரு நாள் மதினி தானே மூட்டையோடு காசிம் பாய் வேனில் ஏறி வந்தார். இருவரும் முன்னறையில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தோம். நிர்மலா பள்ளிவிட்டு வந்தாள். ஏற்றத்தில் ஓடி வந்திருக்கிறாள் போலிருக்கிறது, மூச்சு வாங்கியது. அத்தையைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றாள். தொண்டையில் இருமல் வந்து நிற்பது எனக்குத் தெரிந்தது. கை வாயை நோக்கிப் பாதி தூரம் போனது. மதினி மடித்த துணியை மடியில் வைத்துக்கொண்டு அவளையே பார்த்தார். பேசாதே என்று எனக்குக் கண்ணால் சொன்னார்.

“ஏத்தா, நான் ஒன்னையக் கூட்டிட்டுப் போக வரல. துணிக்குத்தேன் வந்தேன். சாயங்காலம் வண்டிக்கு நான் மட்டுந்தேன் போவேன்.”

நிர்மலா அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். கை கீழே இறங்கியது. வீட்டு நடுவில் நின்று, வாயைத் திறந்து, அடிவயிற்றிலிருந்து இருமினாள். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. மதினி முந்தானையால் தன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் எழவில்லை. எழுந்தால் அவள் நிறுத்திவிடுவாளோ என்று பயமாக இருந்தது. இருமி முடித்துவிட்டுப் பையைக் கழற்றி வைத்தாள். அத்தைக்குப் பக்கத்தில் போய் ஒட்டி உட்கார்ந்துகொண்டாள்.

“இன்னைக்குப் போகாதீங்க அத்தை. இங்கயே இருங்க.”